கரும் ஷேலில் மிஞ்சிய நிறமி: ஆக்சிஜன் வற்றிய பழங்கடலை மூலக்கூறு புதைபடிவம் கொண்டு கண்டறியும் முழு வழிகாட்டி

ஷேல் என்ற களிப்பாறை கருப்பாக இருக்கிறது, தகடு தகடாகப் பிளக்கிறது, உடைத்தால் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் மினுங்குகிறது. இது ஆக்சிஜன் இல்லாத கடலில் படிந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆக்சிஜன் எந்த ஆழத்தில் இல்லை, அந்த நீரில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்ததா, இருந்தால் எவ்வளவு மேலே வந்தது என்று கேட்டால் பாறையின் நிறத்திடம் பதில் கிடையாது. அந்தக் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் நிறமிகளும் சவ்வுக் கொழுப்புகளும் பாறைக்குள் சிதையாமல் கிடந்தால், அவற்றிடம் கேட்கலாம். அந்த எச்சங்களுக்குத்தான் மூலக்கூறு புதைபடிவம், அதாவது பயோமார்க்கர் என்று பெயர்.

பகுப்பாய்வுக் கருவி வரையும் கோட்டில், ஒரு சேர்மத்தைக் காட்டும் சிகரம் தெரிந்ததும் வேலை முடிந்துவிடாது. அந்த மூலக்கூறு இந்தப் பாறைக்கே உரியதுதானா என்பது முதல் சோதனை. அதை விட்டுவைத்த உயிர் கடலின் எந்த மட்டத்தில் வாழ்ந்தது என்பது இரண்டாவது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இந்த இரண்டையும் பற்றியது.

எடுத்துக்காட்டாகத் தென்மேற்கு ஜெர்மனியின் போசிடோனியா ஷேலை வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 18.3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, ஜுராசிக் காலத்தின் டோர்சியன் கட்டத்துக் கடற்படிவு அது. ஹோல்ட்ஸ்மாடனின் புகழ்பெற்ற இக்தியோசார் எலும்புக்கூடுகள் கிடைத்தது இதே அடுக்கில்தான். டோட்டர்ன்ஹவுசன் பகுதியில் இதன் தடிமன் ஏறக்குறைய 10 மீட்டர். கரிமச்சத்து நிறைந்தது, புதைந்தபின் நில வெப்பத்தில் அதிகம் வெந்து கெடாதது, பலமுறை ஆராயப்பட்டது. கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான பாறை கிடைப்பது அரிது.

கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

'ஆக்சிஜன் இல்லாத கடல்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன. ஒன்று, நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, ஆனால் சல்பைடு இல்லை. இன்றைய அரபிக்கடலின் நடு ஆழம் இப்படிப்பட்டது. இரண்டு, அடிநீரில் ஹைட்ரஜன் சல்பைடு கரைந்திருக்கிறது. மூன்று, அந்தச் சல்பைடு வெயில் எட்டும் மட்டம் வரை ஏறி நிற்கிறது. இன்றைய கருங்கடல் இதற்கு உதாரணம். மூன்றுக்கும் சாட்சிகள் வேறு.

மூன்றாவது நிலைக்கு வலுவான சாட்சி ஐசோரெனியராட்டேன். பச்சைக் கந்தக பாக்டீரியாக்களில் பழுப்பு வகையினம் ஐசோரெனியராட்டீன் என்ற கரோட்டினாய்டு நிறமியை உருவாக்குகிறது. அது மண்ணில் புதைந்து ஹைட்ரஜன் ஏற்றபின் மிஞ்சுவது 40 கார்பன் கொண்ட ஐசோரெனியராட்டேன். இந்த உயிருக்கு வாழ ஒளி வேண்டும், சல்பைடும் வேண்டும், ஆக்சிஜன் ஆகாது. ஆகவே இது இருந்த இடத்தில் ஒளியும் சல்பைடும் ஒரே நீரில் சந்தித்திருக்க வேண்டும். 1980-களின் இறுதியில் கருங்கடலில் ஏறக்குறைய 80–100 மீட்டர் ஆழத்தில், மிக மங்கிய ஒளியில், இந்த வகையினம் உயிரோடு வாழ்வது தெரியவந்தபோது இந்த வாதத்துக்கு நேரடி ஆதாரம் கிடைத்தது.

இதன் உறவினர்களும் முக்கியம். பச்சை வகையினம் தருவது குளோரோபாக்டேன். பழுப்பு வகையினத்தைவிட அதிக ஒளி தேவைப்படுவதால் சற்று மேலே வாழும். ஊதாக் கந்தக பாக்டீரியாவின் ஓகினோன் நிறமியிலிருந்து வருவது ஓகினேன். இது பெரும்பாலும் 25 மீட்டருக்குள் வாழ்வது. வட ஆஸ்திரேலியாவின் பார்னி க்ரீக் பாறையில், 164 கோடி ஆண்டுப் பழமையில், ஓகினேன் கிடைத்ததாக 2005-ல் யோகன் புரோக்ஸும் உடனாய்வாளர்களும் அறிவித்தார்கள். மூன்றும் சேர்ந்து கிடைத்தால் சல்பைடு எல்லை எந்த ஆழத்தில் நின்றது என்பதற்கே ஒரு தோராய அளவுகோல் கைக்கு வரும். ஒரு எச்சரிக்கை: ஆழமற்ற இடத்தில் கடல்தரை மீது படர்ந்த நுண்ணுயிர்ப் பாய்களிலும் ஊதா பாக்டீரியா வாழும். ஓகினேன் கிடைத்ததும் தரைக்கு மேலுள்ள கடல்நீரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடக் கூடாது. படிவு ஆழ்கடலுக்குரியதா என்பதைப் பாறையின் அமைப்பைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

மாதிரி எடுத்தல்

துளைத்தெடுத்த உருளைப் பாறைதான் முதல் தேர்வு. வெளியில் வெயிலும் மழையும் பட்ட பாறையில் பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும். கரிமப்பொருளும் அதோடு சேர்ந்து அழிந்திருக்கும். குவாரியில் எடுப்பதென்றால் புதிதாக வெட்டிய முகத்தில், விரிசல்களிலிருந்து விலகி, குறைந்தது அரை மீட்டராவது உள்ளே தோண்டி எடுங்கள். துரு நிறமோ மஞ்சள் பூச்சோ கண்ணில் பட்டால் அந்தத் துண்டு வேண்டாம்.

அளவு கரிமச்சத்தைப் பொறுத்தது. மொத்தக் கரிமக் கார்பன் 5–10% உள்ள போசிடோனியா ஷேலுக்கு 10 கிராம் தாராளம். 0.5% மட்டுமே உள்ள சாம்பல் களிப்பாறைக்கு 50 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். அடுக்கின் தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் படிவு பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொண்டது என்றால், நீங்கள் அரைக்கும் 1 செ.மீ. துண்டு ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத கலவை. இது பின்னால் ஒரு முரண்பாட்டைப் புரிந்துகொள்ள உதவும்.

ஆய்வைத் தொடங்கும் முன் பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்று பாருங்கள். பாறைப் பொடியைச் சூடேற்றிப் பார்க்கும் ராக்-எவால் சோதனையில் உச்ச வெப்பநிலை 435 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் நல்லது. விட்ரினைட் என்ற தாவர எச்சம் ஒளியைத் திருப்பும் அளவு 0.5% ஒட்டி இருந்தால் 40 கார்பன் கரோட்டினாய்டுகள் நன்றாகக் கிடைக்கும், 0.9% தாண்டினால் தேடல் பெரும்பாலும் வீண். வட ஜெர்மனியின் ஹில்ஸ் பகுதியில் இதே ஷேலைத் துளைத்த கிணறுகளில் வென்ட்சனில் 0.48%, ஹடெசனில் 1.45% என்று அளவு மாறுகிறது. ஒரே கடல், ஒரே வயது. ஹடெசன் துண்டில் ஐசோரெனியராட்டேன் இல்லையென்றால் அதற்குக் காரணம் கடலில் இல்லை, பிறகு வந்த வெப்பத்தில் இருக்கிறது.

மாதிரியை 450 டிகிரியில் சுட்ட அலுமினியத் தாளில் சுற்றி, அதன் பிறகே வெளிப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பாறையை நேரடியாகத் தொடவே கூடாது. மார்க்கர் பேனா, சன்ஸ்கிரீன், சூயிங்கம் என எல்லாவற்றிலும் ஹைட்ரோகார்பன் இருக்கிறது. கிளைத்த ஆல்கேன்களின் ஒரு வரிசை பழைய பாறைகளில் தொடர்ந்து கிடைத்து, நுண்ணுயிர்ச் சின்னம் என்று கருதப்பட்டது. பிறகு பார்த்தால், மாதிரி வைத்திருந்த பாலித்தீன் பைகளிலிருந்து ஊறி வந்தவை அவை!

மாசு: முதல் குற்றவாளி

மாசு இந்தத் துறையையே ஒருமுறை உலுக்கியிருக்கிறது. 1999-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் 270 கோடி ஆண்டுப் பழைய ஷேலிலிருந்து, ஸ்டெரால் கொழுப்புகளின் எச்சங்களான ஸ்டெரேன்கள் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. உட்கரு உள்ள உயிர்கள் அவ்வளவு முன்பே இருந்தன என்றும், ஸ்டெரால் உருவாக ஆக்சிஜன் வேண்டும் என்பதால் அப்போதே ஆக்சிஜனும் இருந்தது என்றும் அதன் மேல் வாதங்கள் எழுந்தன. 2008-ல் முதல் கட்டுரையின் ஆசிரியரே பங்கேற்ற ஆய்வு அவை பின்னாளில் புகுந்தவை என்றது. பிறகு தூய்மைக்கென்றே திட்டமிட்டுத் துளைத்து, வெவ்வேறு ஆய்வகங்களில் பிரித்துப் பார்த்து 2015-ல் வெளிவந்த முடிவும் அதையே உறுதி செய்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு: உருளைப் பாறையின் வெளிப்புறத்தையும் உட்புறத்தையும் தனித்தனியாக ஆராயுங்கள். வைர ரம்பத்தைக் கரைப்பானில் கழுவி, எண்ணெய் சேர்க்காமல் தூய நீர் மட்டும் விட்டு, வெளிப்பக்கம் 5 மி.மீ. வெட்டி எடுங்கள். வெட்டிய தோலை எறிந்துவிடாதீர்கள். அது ஒரு தனி மாதிரி. ஒரு சேர்மம் தோலில் நிறையவும் உள்ளே சொற்பமாகவும் இருந்தால் அது வெளியிலிருந்து ஊறியது. இரண்டிலும் ஒரே செறிவு இருந்தால் நம்பலாம். துளைப்பில் பயன்பட்ட டீசல் பெரும்பாலும் 25 கார்பனுக்குள் முடிந்துவிடும். ஆகவே அது ஐசோரெனியராட்டேனைப் போலி செய்யாது, ஆனால் பெரும்பாலும் குளோரோஃபில்லிலிருந்து வரும் பிரிஸ்டேன், ஃபைட்டேன் அளவுகளைக் குலைத்துவிடும்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பிளாங்க், அதாவது பாறை இல்லாத வெற்று மாதிரி, கட்டாயம். 450 டிகிரியில் இரவு முழுதும் சுட்ட குவார்ட்ஸ் மணலை, பாறையைப் போலவே அரைத்து, கரைத்து, பிரித்து, கருவியில் செலுத்துங்கள். கரைப்பானை மட்டும் நேராகக் கருவியில் விட்டு அதை பிளாங்க் என்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. அரைவைக் கலத்தில் முந்தைய மாதிரியின் மிச்சம் இருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அது மணலை அரைத்தால்தான் தெரியும்.

அரைத்தலும் கரைத்தெடுத்தலும்

துண்டை டைகுளோரோமீத்தேனில் அலசி உலர்த்தி, எஃகு வளைய அரைவையில் 150 மைக்ரானுக்குக் கீழே பொடியாக்குங்கள். ஒரேயடியாக ஐந்து நிமிடம் ஓட்டினால் கலம் சூடேறி லேசான சேர்மங்கள் ஆவியாகிவிடும். 30 விநாடி ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு மீண்டும் ஓட்டுவது நல்லது. மாதிரிக்கு மாதிரி, சுட்ட மணலை இரண்டு முறை அரைத்துக் கொட்டிவிட்டு, கரைப்பானால் கலத்தைத் துடையுங்கள். கரிமச்சத்து குறைந்த மாதிரியிலிருந்து நிறைந்ததை நோக்கிப் போவது அனுபவசாலிகளின் வழக்கம்.

கண்ணாடிப் பொருள்கள் எல்லாமே மஃபிள் உலையில் 450 டிகிரியில் 6 மணி நேரம். அளவுக் குடுவைகளை மட்டும் சுடாதீர்கள், அளவு மாறிவிடும். அவற்றைக் கரைப்பானால் கழுவினால் போதும்.

சூடான கரைப்பானைச் சுழலவிட்டுக் கரைத்தெடுக்கும் சாக்ஸ்லெட் கருவிக்கான செல்லுலோஸ் கூட்டை முதலில் வெறுமையாக 24 மணி நேரம் ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு பொடியைப் போட்டு, டைகுளோரோமீத்தேன் 9 பங்கு, மெத்தனால் 1 பங்கு கலவை 250 மி.லி. விட்டு 48 முதல் 72 மணி நேரம் சுழலவிடுங்கள். அழுத்தக் கருவி இருந்தால் 100 டிகிரியில் மூன்று சுற்றில் அரை மணிக்குள் முடிந்துவிடும். எந்த வழியானாலும் ஃபியூம் ஹுட்டுக்குள்தான். டைகுளோரோமீத்தேன் நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவும். பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள்.

கரும் ஷேலில் தனிமக் கந்தகம் நிறைய வரும். அகற்றாவிட்டால் கருவி வரையும் குரோமட்டோகிராமில் பெரிய குன்று போல எழுந்து அருகிலிருப்பதையெல்லாம் மூடும், கருவியின் மூலத்தையும் அழுக்காக்கும். செப்புத் துருவலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்துப் பளபளப்பாக்கி, நீர், மெத்தனால், டைகுளோரோமீத்தேன் என்ற வரிசையில் கழுவி, குடுவையில் போடுங்கள். கந்தகத்தைப் பிடித்ததும் செம்பு கறுக்கும். முழுதும் கறுத்துவிட்டால் புதிதாக இன்னும் போட வேண்டும். பளபளப்பு மிஞ்சினால்தான் கந்தகம் தீர்ந்தது என்று பொருள்.

கரைப்பானை 40 டிகிரிக்குள் ஆவியாக்குங்கள். கடைசிச் சொட்டை நைட்ரஜன் ஓட்டத்தில் முழுதும் காயவிடக் கூடாது. 15 கார்பனுக்குக் கீழுள்ளவை பறந்துவிடும். இது அற்பமாகத் தோன்றலாம். பிறகு நாம் பார்க்கப்போகும் அரைல் ஐசோப்ரினாய்டு விகிதத்தின் மேல்பகுதி 13 கார்பனிலிருந்துதான் தொடங்குகிறது. அலட்சியமாகக் காயவைத்த ஒரு குப்பி, நிலையான சல்பைடுக் கடலை நீங்களே உருவாக்கியது போலாகிவிடும்.

பகுத்தெடுத்தல்

சாற்றில் அஸ்ஃபால்டீன் என்ற கனமான தார்ப்பொருள் அதிகம் இருந்தால் 40 மடங்கு ஹெக்சேன் சேர்த்து, குளிரில் இரவு வைத்து, மையவிலக்கில் இறக்குங்கள். மீதியைச் சிலிக்கா நிரலில் பிரிக்க வேண்டும். சுட்டுச் சுத்தப்படுத்தி, 120 டிகிரியில் இரவு முழுதும் உலர்த்திய சிலிக்கா ஜெல், சாற்றின் எடையைப் போல 50 மடங்காவது. 10 மி.கி. சாற்றுக்கு அரை கிராம் சிலிக்கா, ஒரு பாஸ்டர் பிப்பெட்டே போதும்.

நிரலை நனைக்க எவ்வளவு ஹெக்சேன் பிடித்தது என்று அளந்து வையுங்கள். அதை ஒரு வெற்றிட அளவு என்போம். ஒன்றரை வெற்றிட அளவு ஹெக்சேனில் நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள் இறங்கும். அடுத்து ஹெக்சேன், டைகுளோரோமீத்தேன் சமபங்கில் இரண்டு வெற்றிட அளவு விட்டால் அரோமாட்டிக் பகுதி. கடைசியாக டைகுளோரோமீத்தேன், மெத்தனால் சமபங்கில் முனைவுப் பகுதி.

ஐசோரெனியராட்டேனில் இரண்டு அரோமாட்டிக் வளையங்கள். அது இரண்டாம் பகுதியில் வரும். குளோரோபாக்டேனிலும் ஓகினேனிலும் ஒரே வளையம், பின்னால் நீண்ட நிறைவுற்ற சங்கிலி. ஹெக்சேன் சற்றுக் கூடினாலும் இவை முதல் பகுதிக்குள் நழுவிவிடும். 'ஓகினேன் இல்லை' என்று எழுதுவதற்கு முன் இரண்டு பகுதிகளையும் பார்த்துவிடுங்கள். சிலிக்கா ஈரம் உறிஞ்சியிருந்தாலும் இதே நழுவல் நடக்கும். மழைக்காலத்தில் ஜெல்லை உலையிலிருந்து எடுத்த உடனே பயன்படுத்துங்கள்.

நிரலில் ஏற்றும் முன் இன்டர்னல் ஸ்டாண்டர்டை, அதாவது அளவு தெரிந்த ஒப்பீட்டுச் சேர்மத்தை, சேர்த்துவிடுங்கள்: நிறைவுற்றதற்கு டியூட்டீரியம் ஏற்றிய கொலஸ்டேன், அரோமாட்டிக்குக்கு டியூட்டீரியம் ஏற்றிய டெர்ஃபினைல். பிறகு முடிவைப் பாறை கிராமுக்கு என்று சொல்லாமல் கரிமக் கார்பன் கிராமுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுண்ணாம்பு கூடிய அடுக்குகள் எல்லாம் ஆக்சிஜன் நிறைந்தவையாகத் தோன்றும்.

ஜிசி-எம்எஸ் அமைப்பு

ஜிசி-எம்எஸ் என்பது சேர்மங்களை ஒரு நீண்ட நிரலில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்து, நிறைமானியில் அவற்றின் நிறையை அளக்கும் கருவி. 60 மீட்டர் நீளம், 0.25 மி.மீ. விட்டம், 5% ஃபீனைல் பூச்சு உள்ள நிரல். 60 டிகிரியில் 2 நிமிடம், நிமிடத்துக்கு 4 டிகிரி வீதம் 315 வரை, அங்கே 35–40 நிமிடம் நிறுத்தம். அந்த நிறுத்தம்தான் முக்கியம். ஹோப்பேன்கள் என்ற பாக்டீரியாச் சவ்வு எச்சங்களுக்கென்று அமைத்த வழக்கமான வெப்பநிலைத் திட்டத்தை அப்படியே ஓட்டினால், 40 கார்பன் சேர்மங்கள் வெளியே வரும் முன்பே ஓட்டம் முடிந்துவிடும். பிறகு அவை அடுத்த மாதிரியின் ஓட்டத்தில் அகன்ற மேடாகத் தலைகாட்டும். நிரலையும் நிறைமானியையும் இணைக்கும் குழாய் 310 டிகிரிக்குக் குறையக் கூடாது; குளிர்ந்த இடம் இருந்தால் சிகரத்துக்கு வால் முளைக்கும்.

நிறை வரம்பை 50 முதல் 600 வரை வையுங்கள். மேல் எல்லை 550-ல் நின்றால் ஓகினேன், குளோரோபாக்டேனின் 554 பதிவாகவே ஆகாது, பீட்டா-கரோட்டேனின் 558-உம் அப்படியே. ஐசோரெனியராட்டேனின் மூலக்கூறு நிறை 546. கருவிக்குள் அது உடையும்போது வரும் துண்டின் நிறை 133, 134. செறிவு குறைந்த மாதிரியில் 546-லிருந்து 134, 554-லிருந்து 134 என்று தாய்-சேய் இணைகளைத் தொடரும் முறையில் இரைச்சல் வெகுவாகக் குறையும். குளோரோபாக்டேனும் ஓகினேனும் ஒரே நிறை. நிறமாலையை மட்டும் வைத்துப் பெயர் சூட்டாமல், தரச் சேர்மத்தின் வெளியேறு நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

சிகரங்களைப் படித்தல்

நிறை 133 உள்ள துண்டின் தடத்தைத் திறந்து பாருங்கள். 13 கார்பனிலிருந்து 31 வரை படிக்கட்டு போன்ற ஒரு வரிசை தெரிந்தால் அவை அரைல் ஐசோப்ரினாய்டுகள், ஐசோரெனியராட்டேனின் நீண்ட சங்கிலி முறிந்து வந்த துண்டுகள். அந்தச் சங்கிலியில் கிளை இருக்கும் இடங்களால் 17, 23 கார்பன் உறுப்புகள் குட்டையாக இருக்கும். அந்தப் பள்ளங்களே நல்ல அடையாளம். வரிசையின் கடைசியில், வெகுதூரம் தள்ளி, 546 தடத்தோடு ஒத்துவரும் சிகரம் ஐசோரெனியராட்டேன். 1986-ல் ரோஜர் சம்மன்ஸும் ட்ரெவர் பவலும் பேலியோசோயிக் கால எண்ணெய்களில் இந்த வரிசையைப் பச்சைக் கந்தக பாக்டீரியாவோடு இணைத்துக் காட்டியதிலிருந்து இது இத்துறையின் அன்றாடக் கருவி.

துண்டுகள் மட்டும் இருந்து முழு மூலக்கூறு இல்லையென்றால் நிதானியுங்கள். பீட்டா-கரோட்டீன் என்ற பொதுவான நிறமியும் புதைந்தபின் அரோமாட்டிக்காக மாறி இதே துண்டுகளைத் தரக்கூடும். அப்போது பீட்டா-ஐசோரெனியராட்டேன், நிறை 552, உடன் இருக்கும். அதோடு, ஐசோரெனியராட்டீனைச் சில ஆக்டினோபாக்டீரியாக்களும் உருவாக்குகின்றன. சயனோபாக்டீரியாவின் சினெகோசாந்தின் நிறமி ரெனியராபுர்புரேன் என்ற ஐசோமரைத் தரும். ஆக, வளையத்தில் மீத்தைல் தொகுதிகள் 2,3,6 இடங்களிலா 2,3,4 இடங்களிலா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் '40 கார்பன் அரோமாட்டிக் கரோட்டினாய்டு கிடைத்தது' என்பது அரைகுறைத் தகவல். குறிப்பாக மிகப் பழைய புரோட்டிரோசோயிக் காலப் பாறைகளில்.

சந்தேகத்தைத் தீர்க்கக் கார்பனின் கனமான வகையான கார்பன்-13 இருக்கிறது. பாசிகள் கால்வின் சுழற்சியில் கார்பனைப் பிடிக்கின்றன. பச்சைக் கந்தக பாக்டீரியாவோ சிட்ரிக் அமிலச் சுழற்சியைப் பின்னோக்கி ஓட்டிப் பிடிக்கிறது. கார்பன்-13-ஐ அவ்வளவாகத் தள்ளிவிடுவதில்லை. எனவே உண்மையான ஐசோரெனியராட்டேன் அதே மாதிரியின் பாசிச் சேர்மங்களைவிட 10–15‰ (ஆயிரத்துக்கு 10–15) கனமாக இருக்கும். ஃபைட்டேனோடு ஒப்பிடுங்கள். சிகரம் அடித்தளம் வரை தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். பக்கத்துச் சேர்மம் கொஞ்சம் கலந்தாலும் இந்த வித்தியாசம் மழுங்கும். பல ஆய்வுகள் நேரமும் செலவும் கருதி இந்தப் படியைத் தாண்டிப் போகின்றன. கடலின் நிலைமையை உறுதியாகச் சொல்ல விரும்பினால் தாண்டக் கூடாத படி இதுவே.

அரைல் ஐசோப்ரினாய்டு விகிதம், அதாவது 13–17 கார்பன் உறுப்புகளின் கூட்டுத்தொகையை 18–22 உறுப்புகளின் கூட்டுத்தொகையால் வகுத்தது, டோட்டர்ன்ஹவுசன் ஆய்வில் 2004-ல் முன்வைக்கப்பட்டது. குறைந்த மதிப்பு, 0.5 ஒட்டி, சல்பைடு நிலையாக நின்றதையும், 3 போன்ற உயர்ந்த மதிப்பு அது விட்டுவிட்டு வந்ததையும் காட்டும் என்பது கருத்து: இடையிடையே வந்த ஆக்சிஜன் நீண்ட சங்கிலிகளைக் குறுக்குகிறது. வெப்பமும் அதே வேலையைச் செய்யும் என்பதால் ஒரே முதிர்ச்சியுள்ள, அதாவது ஒரே அளவு வெந்த, மாதிரிகளுக்கு இடையே மட்டும் ஒப்பிடுங்கள்.

மற்ற விகிதங்களுக்கு எவ்வளவு இடம் தரலாம்

பிரிஸ்டேன்/ஃபைட்டேன் விகிதம் 1978 முதல் புழக்கத்தில் உள்ளது. அளப்பது சுலபம், ஆகவே எல்லாரும் அளக்கிறார்கள். குளோரோஃபில்லின் ஃபைட்டால் வால் ஆக்சிஜன் இருந்தால் பிரிஸ்டேனாகவும் இல்லாவிட்டால் ஃபைட்டேனாகவும் முடியும் என்பது அடிப்படை. 0.8-க்குக் கீழ் ஆக்சிஜனின்மை, 3-க்கு மேல் நிலத்தாவரச் சேர்க்கை என்பார்கள். ஆனால் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களிலிருந்தும் ஃபைட்டேன் வரும், வைட்டமின் ஈ ஆன டோகோஃபெராலிலிருந்தும் பிரிஸ்டேன் வரும், வெப்பம் ஏற ஏற விகிதமும் ஏறும். 0.8-க்கும் 3-க்கும் நடுவே கிடைத்த எண்ணை வைத்து எதையும் வாதிடாதீர்கள்.

காமாசெரேன் என்ற ஹைட்ரோகார்பன் நம்பகமானது, ஆனால் அது சொல்வது வேறு. நிறை 412, துண்டு 191. டெட்ராஹைமனால் என்ற சேர்மத்திலிருந்து வருவது; அதை உருவாக்கும் சிலியேட்டுகள் என்ற ஒருசெல் உயிர்கள் ஆக்சிஜன் நீரும் சல்பைடு நீரும் சந்திக்கும் எல்லையில் பாக்டீரியாவை மேய்பவை. நீர் அடுக்குகளாகப் பிரிந்து கலக்காமல் நின்றதற்கு அது அடையாளம். 31 கார்பன் ஹோமோஹோப்பேனின் இரட்டைச் சிகரத்தை ஒட்டி வெளியேறுவதால், 412-லிருந்து 191 இணையில் உறுதி செய்யுங்கள். உப்புக் கூடியதன் சின்னம் என்று பழைய கட்டுரைகள் சொல்வது, உப்பு வேறுபாடும் நீரை அடுக்காக்கும் என்பதால் வந்த குறுக்கு வழி.

35 கார்பன் ஹோமோஹோப்பேன் தன் வரிசையில் ஓங்கி நின்றால் சல்பைடுச் சேறு என்று கொள்ளலாம். பாறை வேக வேக அது குறையும். லைக்கோப்பேன் என்ற இன்னொரு ஹைட்ரோகார்பன் ஆக்சிஜன் குறைந்த நீரில் கூடும், ஆனால் சல்பைடுக்குச் சாட்சி ஆகாது. முன்சொன்ன முதல் நிலைமைக்கு உதவும், 35 கார்பன் நேர் ஆல்கேனோடு ஒட்டி வெளியேறும் என்பதை மறக்காமல்.

கிடைக்கவில்லை என்றால்

வேகாத, கந்தகம் மிகுந்த பாறையில் ஐசோரெனியராட்டேன் அரோமாட்டிக் பகுதியில் மிகச் சொற்பமாகவே இருக்கலாம். நிறமியின் இரட்டைப் பிணைப்புகளைச் சேற்றிலேயே சல்பைடு தாக்கி, மூலக்கூறைப் பெரிய வலையோடு கந்தகப் பாலத்தால் கட்டிப்போட்டிருக்கும். அது முனைவுப் பகுதியில் கிடக்கும். அந்தப் பகுதியை எத்தனாலில் ரேனி நிக்கலோடு கொதிக்கவைத்து, பிளாட்டினம் ஆக்சைடின் மேல் ஹைட்ரஜன் ஏற்றினால் கட்டு அவிழும். ரேனி நிக்கல் உலர்ந்தால் காற்றில் தானே தீப்பிடிக்கும். எப்போதும் திரவத்தில் மூழ்கியே இருக்க வேண்டும், வடிதாளைக் குப்பைக்கூடையில் போடக் கூடாது.

கரைப்பானில் கரையாத கரிமப்பொருளான கெரோஜனோடு வேதிப்பிணைப்பில் உள்ளதை எடுக்க, 520 டிகிரி வரை உயர் அழுத்த ஹைட்ரஜனில் சிதைக்கும் ஹைட்ரோபைரோலிசிஸ் உண்டு. பிணைப்பில் உள்ளது வெளியிலிருந்து ஊறி வந்திருக்க முடியாது என்பதால், மாசுச் சந்தேகத்துக்கும் இது பதில்.

வேறு சாட்சிகளோடு ஒத்துப்பார்த்தல்

இரும்புப் பகுப்பாய்வில் வினைபுரியும் இரும்பு மொத்த இரும்பில் 0.38-க்கு மேலிருந்தால் ஆக்சிஜனற்ற அடிநீர். அந்த வினைபுரியும் இரும்பில் பைரைட்டின் பங்கு 0.7–0.8-ஐத் தாண்டினால் சல்பைடு நீர். சல்பைடு நீரிலேயே உருவான பைரைட் உருண்டைகளின் சராசரி விட்டம் 5 மைக்ரான் ஒட்டி, ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். மாலிப்டினம் 100 பிபிஎம் தாண்டினால் நிலையான சல்பைடு என்பார்கள். இங்கேதான் டோர்சியன் காலம் ஒரு பாடம் நடத்துகிறது: இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள இதே வயதுக் கரும் ஷேலில் சல்பைடு வலுவாக இருந்த அடுக்குகளில் மாலிப்டினம் குறைவு. படுகை திறந்த கடலிலிருந்து ஒதுங்கியிருந்ததால், நீரில் இருந்த மாலிப்டினம் படிந்து தீர்ந்துபோனது. குறைந்த மாலிப்டினத்தை ஆக்சிஜனின் அடையாளமாகப் படித்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும்.

இன்னொரு முரண்பாடு போசிடோனியா ஷேலிலேயே உண்டு. சில அடுக்குப் பரப்புகளில் கடல்தரையில் வாழ்ந்த சிப்பிகள் கூட்டமாகக் கிடக்கும். அதே துண்டில் ஐசோரெனியராட்டேனும் இருக்கும். சல்பைடு நீருக்குக் கீழே சிப்பி வாழ்ந்தது எப்படி? இங்கே அந்த 1 செ.மீ. கணக்கை நினைவுகூருங்கள். ஆயிரம் ஆண்டுக் கலவையில் சில ஆண்டுகள் ஆக்சிஜன் அடிவரை இறங்கி, சிப்பிக் குஞ்சுகள் குடியேறி, மீண்டும் சல்பைடு ஏறி அவற்றைக் கொன்றிருக்கலாம். இரண்டு சாட்சிகளும் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு கால அளவில் பேசுகின்றன. ஆய்வறிக்கையில் 'இந்த அடுக்கு படிந்த காலத்தில், ஒரு பகுதியிலேனும், ஒளி எட்டும் மட்டத்தில் சல்பைடு இருந்தது' என்று எழுதினால் போதும். 'எப்போதும்' என்ற சொல்லுக்கு அரைல் ஐசோப்ரினாய்டு விகிதமும், சிப்பியற்ற தகடுகளும், இரும்பு எண்களும் ஒருசேர வேண்டும்.

ஐசோரெனியராட்டேன் இல்லாத மாதிரிக்கு முதிர்ச்சி எண், கண்டறியும் குறைந்தபட்ச அளவு, கந்தகக் கட்டை அவிழ்த்துப் பார்த்தீர்களா என்ற மூன்றையும் அட்டவணையில் சேர்த்து எழுதுங்கள். மிஞ்சிய பொடியைச் சுட்ட கண்ணாடிப் புட்டியில், டெஃப்லான் உள்ளொட்டிய மூடியிட்டு, வெளிப்பக்கத் தோல் மாதிரியோடு சேர்த்தே குளிரில் வைத்திருங்கள். மாசு பற்றிய கேள்வி வந்தால் மறுபடி ஓட்டிப் பார்க்க அது வேண்டியிருக்கும்.